மூன்று கடை, இரண்டு விலாசம்

எங்கள் ஜவுளிக்கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட வேண்டும் என்கிற யோசனை அண்ணனுடையது. ஆனால் அந்த யோசனை பிறந்தது மண்டபம் ஊரில், என் கடை டெலிபோனில். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால், "ஒனக்கு இதுல என்னத்தா சம்பந்தம்?" என்று யாராவது வந்து நிற்பார்கள். ஏற்கெனவே நின்றாயிற்று.

எங்களைப் பெற்ற அய்யா முதலில் கடை வைத்தது இராமநாதபுரத்தில். இரண்டாவது கடை மண்டபத்தில். அந்தக் காலத்தில் இராமேஸ்வரத்துக்கு பஸ் கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் மண்டபத்தில் இறங்கி, ரயில் ஏறித்தான் கடலைத் தாண்ட வேண்டும். ரயிலுக்குக் காத்திருக்கிறவன் எவ்வளவு நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருப்பான்? தீர்த்தமாடிவிட்டுக் கட்ட ஒரு வேட்டி, துவட்ட ஒரு துண்டு என்று எங்கள் கடைக்குள் நுழைவான். அய்யா போட்ட கணக்கு பல வருஷம் பலித்தது. பிறகு பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். பஸ்கள் மண்டபத்தில் ஹாரன் அடித்துவிட்டு நேரே இராமேஸ்வரம் போய்விட்டன. அய்யாவும் பஸ் பின்னாலேயே போய் அங்கே மூன்றாவது கடையைத் திறந்து, தம்பியை உட்கார வைத்தார்.

மண்டபம் கடையை மூட அவருக்கு மனசு வரவில்லை. என்னை மண்டபத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு கடைக்குப் பின்னாலேயே. "சும்மாதான இருக்க தாயி, கடையப் பாத்துக்க" என்றார் அய்யா. அண்ணனுக்கு ஊரின் நடுவில் பெரிய கடை, தம்பிக்குக் கோயில் பக்கத்துக் கடை. ஈ ஓட்டுவதற்கு மகள் போதும் என்று நினைத்திருப்பார். நானும் சாவியை வாங்கிக்கொண்டேன். அய்யா ஒன்று கொடுத்தால் வாங்கிக்கொள்கிறதுதான் எங்கள் வீட்டில் பழக்கம்.

ஈ ஓட்டவில்லை. தீர்த்தமாட வருகிறவன் இல்லை என்றால் போகட்டும், இங்கனயே இருக்கிறவன் துணி கட்டாமலா இருக்கிறான்? துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சாயம் போகாத கைலி வாங்கி அடுக்கினேன். பள்ளிக்கூடச் சீருடைத் துணி வைத்தேன். இலங்கை அகதி முகாமில் இருந்து பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு என் கடையில் பயம் இல்லை. மற்ற இடங்களில் அவர்கள் பேச்சைக் கேட்டவுடனே மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன்.

டெலிபோன் வியாபாரம் தானாக வந்தது. வேதாளையில் இருந்து சவுதி போன பையன் ஒருவன் பெருநாளுக்கு முன்னால் கூப்பிட்டு, "அக்கா, எங்கம்மாவுக்கு ஒரு நல்ல சேலை குடுத்து விடுங்க. எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றான். தெரியும். அந்த அம்மாவுக்குக் கெட்டிக் கரை பிடிக்காது, கழுத்தில் உறுத்துகிற மாதிரி இருக்கும் என்பாள். நான் எடுத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு, மகனே தேர்ந்தெடுத்தது என்று தெரு முழுக்கச் சொன்னாளாம். அதற்குப் பிறகு துபாயில் இருந்து கூப்பிட்டார்கள், தம்மாமில் இருந்து கூப்பிட்டார்கள். முகாமில் இருந்து எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தவர்கள், இங்கே விட்டுப் போன அக்கா தங்கச்சிக்குத் துணி கேட்டுக் கூப்பிட்டார்கள். தீபாவளி, பெருநாள், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் என் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதை எல்லாம் ஒருநாள் அண்ணன் வந்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். காபி ஆறிப் போகிற வரைக்கும் பார்த்தார். அப்போது அய்யா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. சரக்கை அவரவர் வாங்கிக்கொண்டு, அவரவர் கடையை நடத்திக்கொண்டிருந்தோம். போர்டில் மட்டும் மூன்று கடைக்கும் அய்யா பெயர்தான்.

"இத எல்லாக் கடைக்குமாப் பெருசாச் செய்யலாம் தாயி" என்றார் அண்ணன். "கம்ப்யூட்டர்ல போட்டுட்டா அவுகளே படத்தப் பாத்து ஆர்டர் குடுப்பாக."

அவர் மகனுக்கு வாக்கப்பட்டு வந்த பெண் மதுரையில் இன்ஜினியரிங் படித்தவள். வெளியில் கொடுக்க வேண்டாம், மருமகளே செய்துவிடும் என்று முடிவு ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமநாதபுரம் கடை மாடியில், ஸ்டாக் ரூமில், அண்ணன், தம்பி, நான், மருமகள் நாலு பேரும் துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். அந்தப் பெண் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு பெரிய கட்டம், கீழே மூன்று சின்னக் கட்டம் வரைந்தாள்.

"இது மெயின் பக்கம். கீழ மூணு கடைக்கும் தனித்தனிப் பக்கம். விலாசம், போட்டோ, போன் நம்பர் எல்லாம் வரும்" என்றாள். "ஆர்டர் வந்தா எந்தக் கடைக்குப் போகணும் மாமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். தம்பியும் என்னைத்தான் பார்த்தான். இந்த வியாபாரம் இரண்டு பேருக்கும் தெரியாது.

"துணி எந்த ஊருக்குப் போய்ச் சேரணுமோ, அதுக்குப் பக்கத்துக் கடைக்குப் போகட்டும்" என்றேன். "ஏர்வாடிப் பக்கம் எல்லாம் அண்ணன் கடை. பாம்பன், தங்கச்சிமடம் தம்பிக்கு. வேதாளை, உச்சிப்புளி, முகாம் எனக்கு. அப்பறம், வெறும் படத்தப் பாத்து யாரும் அம்மாவுக்குச் சேலை எடுக்க மாட்டாக தாயி. அம்மாவுக்கு என்ன கலர் புடிக்கும்னு எந்த மகனுக்குத் தெரியுது? வயசு என்ன, வீட்டுக்காரர் இருக்காகளா, கட்டுறது பருத்தியா பாலியெஸ்டரா, இதக் கேட்டு வாங்கிக்க ஒரு எடம் விடு."

"சூப்பர் அத்தை!" என்று அந்தப் பெண் கைதட்டினாள். மூன்றாவது கட்டத்துக்குள் "மண்டபம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டாள். நான் சொல்லச் சொல்ல அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தாராளமாகச் சொன்னேன். எந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்பது வரைக்கும் சொன்னேன். நம் வீடுதானே என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

போட்டோ எடுக்க ஆள் வருவான் என்றார் அண்ணன். நான் கடைக்கு வெள்ளை அடித்தேன். போர்டில் அய்யா பெயரைப் புதுப் பெயின்டில் எழுதச் சொன்னேன். சேலை கட்டி நிறுத்துகிற பொம்மை ஒன்று மதுரையில் இருந்து வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். நானும் தினமும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. "இன்னைக்கும் வரலையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று வரும். அண்ணனுக்குப் போன் செய்தால், "வருவான், வருவான், அவசரப்படாத" என்பார்.

அப்புறம் தம்மாமில் இருந்து அந்த வேதாளைப் பையனின் கூட்டாளி கூப்பிட்டான்.

"நல்லா இருக்கீகளாக்கா? நெட்ல ஒங்க கடையப் பாத்தேன், ரொம்ப நல்லா இருக்கு. மண்டபத்ததான் காணோம். கடைய மூடிட்டீகளா?"

மூடிவிட்டோமா! நான் கடைக்குள் உட்கார்ந்துதானே போனை எடுத்தேன்! அவனிடம் என்னத்தையோ சொல்லி வைத்துவிட்டு, கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்தவரிடம் கடை பெயரைச் சொல்லிப் போட்டுக் காட்டச் சொன்னேன்.

அழகாகத்தான் செய்திருந்தாள். மேலே மாலை போட்ட அய்யா. வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் தம்பி, இரண்டு பேரும் கோட்டு போட்டிருந்தார்கள். கோட்டு போட்டு நான் அவர்களைப் பார்த்ததே இல்லை. "நிறுவனர் ஈன்ற இரு செல்வங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அம்மாவுக்கு வயது என்ன, எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்கிற இடம் நான் சொன்ன மாதிரியே இருந்தது. வேதாளை, உச்சிப்புளி, மண்டபம் முகாம் எல்லா இடத்துக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து தரப்படும் என்று இருந்தது. கடைசியில் இராமநாதபுரம் விலாசம், இராமேஸ்வரம் விலாசம். அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், சிவப்பாக: "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை."

பெரிய கடைகளின் போர்டில் இந்த வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். யாரோ பெயரைத் திருடிக் கடை போட்டிருப்பான், அவனுக்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே அந்த யாரோ நான்தான். என் கையில் காசு இருந்த வரைக்கும் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து முதலில் தம்பிக்குத்தான் போன் செய்தேன். அவனுக்குப் பூசி மெழுகிப் பேச வராது.

"ஏலே, அக்காளத் தூக்கிக் கடல்ல போட்டுட்டீங்களாடா?" என்றேன்.

"எனக்கென்னக்கா தெரியும், அண்ணந்தான் சொன்னாக" என்று இழுத்தான். பிறகு மெதுவாக, "ஒன் கடையவும் போட்டா, எல்லாம் ஒரே கம்பெனின்னு ஆகிப் போகும்ல. நாளப்பின்ன பங்கு அது இதுன்னு ஒரு பேச்சு வரும்னு அண்ணன் நெனைக்கிறாக. ஒன்னையச் சொல்லலக்கா. ஒம் புள்ளைக கேக்கலாம்ல" என்றான்.

அவ்வளவுதான் விஷயம். அய்யா பெயரில் நானும் ஒருத்தி என்று ஊர் அறிய எழுதிவிட்டால், நாளைக்கு அதை யாராவது நீட்டுவார்கள். அதற்குப் பயந்து இன்றைக்கே என்னை அழித்துவிட்டார்கள். பங்கு கேட்கிற நினைப்பு எனக்கு அதுவரை வந்ததே இல்லை. அய்யா கடையைச் சேர்ந்தவள் என்கிற ஒரு பேர் போதும் என்றுதான் இருந்தேன். அதுதான் பறிபோனது.

அடுத்த பஸ்ஸில் இராமநாதபுரம் போனேன். அண்ணன் கல்லாவில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே, வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தம் வேண்டாம் என்று மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே ஸ்டாக் ரூம்தான். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"என் கடை எங்கண்ணே?" என்றேன்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். சிரித்தார். "ஏத்தா, அது அய்யா ஒனக்குச் சீராக் குடுத்த கடையில்ல? சீராக் குடுத்தது ஒனக்கும் மாப்பிள்ளைக்கும் சொந்தம். பொறந்த பிள்ளைக்குக் குடுத்ததத் திருப்பி எங்க கடை வரிசையில சேத்தா, அண்ணந்தம்பி குடுத்ததப் புடுங்கிட்டாகன்னு ஊரு பேசாது? ஒன் நல்லதுக்குத்தான் விட்டேன்" என்றார்.

 சீர் என்று முதலில் சொன்னவளே நான்தான். கடையில் உட்கார்ந்த புதிதில் என் மாமியார், "வேலைக்குப் போற பொம்பளைய நாங்க கேக்கலையே" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். சமாளிக்க வேண்டாமா? "வேலை இல்ல அத்தை, இது எங்கய்யா எனக்குச் சீராக் குடுத்த கடை" என்று நானும் தலையை நிமிர்த்திச் சொன்னேன். அதன் பிறகு மாமியார் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பிடித்துப் போய், கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லா இடத்திலும் அதையே சொன்னேன். பிறந்த வீட்டுக்கு அதில் பெருமை, புகுந்த வீட்டில் எனக்கு மரியாதை. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளைச் சீர் என்று சொல்லிவிட்டால், அது பிறந்த வீட்டு வாசலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உண்மையில் அய்யா எனக்கு அந்தக் கடையைக் கல்யாணத்தில் கொடுக்கவில்லை. ஓடாத கடையை ஓட்டச் சொல்லித்தான் கொடுத்தார். இது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் வாய் வார்த்தையை எடுத்து என் மேலேயே போட்டார்.

"சரி, சீராவே இருக்கட்டும். அய்யா பெத்தது ரெண்டு பேருன்னு எழுதிருக்கீங்களே, அதுவும் என் நல்லதுக்கா?" என்றேன்.

"ஆம்பளப் பிள்ளைகளத்தான் எழுதுறது. எல்லாக் கடையிலயும் அப்படித்தான்" என்றார். கீழே இருந்து யாரோ கூப்பிட, இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மூணுதான் போட்டுருந்தேன் அத்தை. மாமாதான் ஒண்ண எடுக்கச் சொன்னாக. அந்தச் செவப்பு வரியும் மாமா சொல்லித்தான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளை நான் திட்டவில்லை. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், பாவம், என்ன செய்வாள்?

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "ஒனக்குக் கூடப் பொறந்தவன் வேணுமா, கம்ப்யூட்டர் வேணுமா?" என்று கேட்டாள். "நான் போற வரைக்கும் சண்டை போடாதீகடி" என்று அழுதாள். எனக்கு மட்டும் அழுகை வராதா? வந்தது. போனை வைத்த பிறகு அழுதேன்.

என் போன் மெல்ல மெல்ல அடிப்பதை நிறுத்தியது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு எல்லாம் ஒரே கடைதான். தம்பி கடை ஆள் மோட்டார் சைக்கிளில் என் கடையைத் தாண்டித்தான் வேதாளைக்குத் துணி கொண்டு போவான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் குனிந்துகொள்வான். ஆர்டர் அவர்களுக்கு, குறை இருந்தால் மட்டும் என்னிடம் வரும். அந்த வேதாளை அம்மா, கழுத்தை அறுக்கிற மாதிரி ஜரிகைக் கரை போட்ட ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒங்க கடையில எடுத்ததுதான, மாத்திக் குடும்மா" என்று நின்றாள். மாத்திக் கொடுத்தேன். அவளிடம் எதைப் போய் விளக்குவது?

முகாமில் இருந்து வருகிற ஒரு பெண் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அவள் தம்பி கனடாவில் இருந்து, "அக்கா, மண்டபத்தில நீங்கள் போற கடை அவையின்ர பேரை வச்சிருக்கிற டூப்ளிகேட் கடையாம், அங்கை வாங்காதேங்கோ" என்று சொன்னானாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.  புதுப் பெயின்டில் எழுதிய அய்யா பெயரை வெளியே போய் நிமிர்ந்து பார்த்தேன். திருட்டுப் பட்டம் கட்டிவிட்டார்களே, படுபாவிகள்!

தீபாவளி வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின வாரம் அண்ணன் எனக்குச் சீர் கொண்டுவருவார். அய்யா போன பிறகு அது அவர் கடமை. ஒரு வருஷம்கூடத் தவறவிட்டது இல்லை. அந்த வருஷமும் வந்தார். நான் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ, இனிப்பு எல்லாம் எடுத்து வைத்தார். கடைசியாகக் கடைப் பையில் இருந்து ஒரு சேலையை எடுத்து மேலே வைத்தார். பை புதிதாக அடித்தது. அதில் இன்டர்நெட் விலாசம் இருந்தது, இரண்டு கடை விலாசம் இருந்தது, அந்தச் சிவப்பு வரியும் இருந்தது. அதைத்தான் என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

"இந்தா தாயி, எடுத்துக்க" என்று தட்டை நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. "பில்லு எங்கண்ணே?" என்றேன்.

"சீருக்கு ஏதுத்தா பில்லு?"

"சீரு வீட்டுல பொறந்தவளுக்குல்ல செய்யிறது? எங்கய்யா பெத்தது ரெண்டு பேருதான்னு தம்மாம்ல இருக்கவன்கூடப் படிக்கிறான். நான் வெளியாளு. வெலையச் சொல்லுங்க, குடுத்து வாங்கிக்கிறேன்."

"கூடப் பொறந்தவன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார்.

"கூடப் பொறந்தவன்தான? அத எழுதுங்க" என்றேன்.  "பங்கு வேணாம், ஆர்டர் வேணாம். எந்தப் பத்திரத்துல வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். அய்யாவுக்கு மண்டபத்துல ஒரு மக இருக்கா, அவளும் இந்தக் கடைதான்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. மருமகட்டச் சொன்னா அஞ்சு நிமிசத்துல போட்டுரும். போடுறேன்னு இப்பச் சொல்லுங்க, இந்தச் சேலைய ஒங்க முன்னாலயே கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கிக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார். பூவை எடுத்து நேராக வைத்தார். வாசலில் ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டு இராமேஸ்வரத்துக்குப் போனது. அவர் வாயைத் திறப்பதற்குள், போடுகிறேன் என்றுதான் சொல்வார் என்று நான் நம்பிவிட்டேன்.

"எழுநூத்தி இருவது" என்றார்.

கடைக்குள் போய்க் கல்லாவைத் திறந்து, நூறு ரூபாய்த் தாளாக எட்டை எடுத்துவந்து கொடுத்தேன். சட்டைப் பையில் தேடி, மீதி எண்பதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.